கூதிர்காலத் தையல்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்பது தமிழர் வகுத்த பெரும்பொழுதுக் கணக்கு. கணக்கு ஒன்றே ஆயினும், அப்பருவம் கடற்கரைக்கு ஒரு முகத்தையும் மலைக்கு வேறொரு முகத்தையும் காட்டுகிறது. செங்கல்பட்டுக் கடற்கரையில் கூதிர் என்றால் மழை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்று என்ற செய்தி வந்ததும், கல்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரை மீனவர்கள் படகுகளை மணல்மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாற்று முகத்துவாரத்தில் செந்நீர் புரளும். வீடுகளில் துவைத்த துணி மூன்று நாளானாலும் உலராது. நீலகிரியிலோ மழை விட்டுவிட்டுப் பெய்யும். இடைப்பட்ட நாள்களில் மூடுபனி விலகியவுடன் கூரிய வெயில் எழும். நிழலில் விரல்கள் விறைக்கும். ஓரடி தள்ளி வெயிலில் அமர்ந்தால் முதுகு சுடும். வாசலில் அமர்ந்து ஊசியும் நூலும் எடுப்பதற்கு அதைவிட ஏற்ற பருவம் அந்த மலையில் இல்லை.

குளிரும் தையலும் நெடுங்கால உறவினர். பெருமழைக்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த கோவலர் தீக்காய்ந்து நடுங்கும் காட்சியை நெடுநல்வாடை காட்டுகிறது. பொருநராற்றுப்படையில் வரும் பொருநனின் உடையோ, வேறு வேறு நூல்கள் நுழைந்து, தைத்துத் தைத்தே உருவம் மாறிய கந்தல். தைத்தலுக்குத் ‘துன்னம்’ என்று பழந்தமிழில் ஒரு சொல் இருந்தது. தையற்காரரைத் ‘துன்னகாரர்’ எனச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. அச்சொல் வழக்கொழிந்தது. ஆனால் கிழிந்ததை எறியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைக்கும் பழக்கம் அண்மைக்காலம் வரை வீடுகளில் இருந்தது. பிள்ளை பிறக்கப் போகிறது என்றால், பாட்டிமார் பழைய பருத்திப் புடவைகளை நான்காக மடித்து, ஓட்டுத் தையல் போட்டு விரிப்புகள் செய்து வைப்பார்கள். பலமுறை துவைத்து மென்மையான பருத்தி பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தாது, ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். செயற்கை இழைப் புடவைகள் பெருகியபின் அப்பயன் போயிற்று. பயன் போனபின் தையலும் போயிற்று.

வங்கத்துக் காந்தா விரிப்பும் இவ்வாறு பழம்புடவை அடுக்கிப் பிறந்ததுதான். அங்குப் பெண்கள் புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்துத் தைத்தார்கள். கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் காட்டுப் பகுதிகளில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்னும் ஒட்டுத்துணிப் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதி நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலைகளிலும் ‘பூல்’ எனப்படும் துணிப்பூவை வைக்காமல் அவர்கள் வேலையை முடிப்பதில்லை.

செங்கல்பட்டுக் கடற்கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி அமர்ந்ததற்கு முதன்மையான காரணம் இப்பகுதித் தறிகளின் மெல்லிய பருத்தித் துணி. சோழமண்டலக் கரையில் சாயமிட்டு எழுதிய பூத்துணிகள் ஐரோப்பியரின் படுக்கை விரிப்புகளாகவும், பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளின் மேல்துணியாகவும் ஆயின. துணி நைந்துபோனாலும் எறிய மனமின்றி, அதிலிருந்த பூக்களை மட்டும் வெட்டி வேறொரு துணிமேல் ஒட்டித் தைத்துக்கொண்டார்கள். நம் பாட்டிமாரின் சிக்கனமும் கடல் கடந்தவரின் ஆசையும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

அந்தக் கோட்டையிலிருந்து சிறிது தொலைவில், அணுபுரம் குடியிருப்பில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் வாழ்கிறார். அவருடைய தாயார் இறந்தபோது பதினொரு பருத்திப் புடவைகள் அவர் வசம் வந்தன. மதுரைச் சுங்குடி இரண்டு, கண்டாங்கி ஒன்று. எஞ்சியவை கோ-ஆப்டெக்ஸில் தவணைக்கு வாங்கியவை. மூன்றாண்டுகளாக அவை இரும்புப் பெட்டியில் இருந்தன. ஐப்பசி ஈரத்தில் பெட்டிக்குள் பூசணம் பிடிக்கும். மழைவிட்ட பொழுதில் எடுத்து உலர்த்தி, மடித்து, மீண்டும் வைப்பார். “பாத்திரக்காரர் வந்தால் போட்டுவிடலாமே அத்தை” என்று மருமகள் சொன்னதில் தவறொன்றுமில்லை. பழைய துணிக்குப் பாத்திரம் வாங்குவது எல்லா வீட்டிலும் நடப்பதே. ஆசிரியையால் கொடுக்கவும் இயலவில்லை, உடுத்தவும் இயலவில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் போர்வையாகத் தைக்கலாம் என்று எண்ணினார். ஆனால் கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் கை பின்வாங்கியது.

உதகை மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருத்தி, தொலைபேசிப் பேச்சினிடையே இதைக் கேட்டாள். தனக்குத் தெரிந்த தோடர் குடும்பத்துப் பெண்கள் வாசலில் கூடி அமர்ந்து பூவேலை செய்வதாகவும், ஐந்து நாள் வந்து அவர்களுடன் இருந்தால் மனம் தெளியும் என்றும் சொன்னாள். அண்டைவீட்டுத் தோழியர் இருவரும் உடன் வரச் சம்மதித்தார்கள். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவு வண்டியில் ஏறி, விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினார்கள். மலை இரயில் மண்சரிவால் அன்று ஓடவில்லை. கூதிர்காலத்தில் அது வழக்கம்தான். பேருந்தில் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, 2,200 மீட்டருக்கு மேல் அமைந்த உதகையை அடைந்தபோது, மூவருக்கும் காது அடைத்திருந்தது. கைப்பையில் ஒரேயொரு புடவை இருந்தது. எடுத்து வருவதா வேண்டாமா எனக் கடைசிவரை தயங்கி, ஆசிரியை எடுத்துவந்த சுங்குடி அது.

தோடர் வாழும் சிற்றூர் ‘மந்து’ எனப்படும். உதகமண்டலம் என்னும் பெயரே ஒத்தைக்கல் மந்து என்பதன் திரிபு என்பார்கள். அவ்வாறாயின் அந்த நகரத்தின் பெயருக்கடியிலேயே ஒரு மந்து புதைந்து கிடக்கிறது. பிரம்பும் மூங்கிலும் புல்லும் கொண்டு வில்போல் வளைத்துக் கட்டிய பழைய வீடுகள் இப்போது அரிது. இவர்கள் சென்ற மந்திலும் குடியிருப்பெல்லாம் சிமெண்டு வீடுகளே. சற்றுத் தள்ளி, கல்சுவர் சூழ்ந்த எருமைப்பால் கோயில் மட்டும் பழைய வடிவில் நின்றது. பால்சார்ந்த சடங்குகள் முழுதும் ஆண்களுடையவை. பெண்கள் அக்கோயிலுக்குள் செல்வதில்லை. ஊசியோ பெண்களின் ஆட்சி.

வாசலில் ஐந்தாறு பெண்கள் வெயிலில் அமர்ந்திருந்தார்கள். மூத்தவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வெண்ணெய் தடவிச் சுருட்டிய கூந்தல் இருபுறமும் தோளில் விழுந்திருந்தது. வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். காலையில் கிழக்குச் சுவரோரம் இருந்தவர்கள், மாலையில் முற்றத்தின் மறுகோடியில் இருந்தார்கள். தைத்துக்கொண்டிருந்த துணி மடியிலேயே இருக்க, பாயை மட்டும் இழுத்துக்கொள்வார்கள்.

தோடர் தாமே நெய்வதில்லை. சமவெளித் தறிகளில் நெய்த, சற்று முரடான வெண்பருத்தித் துணியில், சிவப்பும் கறுப்புமான பட்டைகள் ஊடே ஓடும். அப்பட்டைகளை ஒட்டி, அதே இரு நிற நூலால் பூவேலை நிரம்பும். இவ்வேலைக்குப் ‘புகூர்’ என்று பெயர். இவ்வாறு அமைந்த போர்வை ‘பூத்துக்குளி’. ஆணும் பெண்ணும் அதைப் போர்த்துகிறார்கள். தையலுக்குச் சட்டம் பூட்டுவதில்லை. கரிக்கோலால் கோடு இழுப்பதில்லை. பார்த்துச் செய்ய வரைபடமும் இல்லை. துணியின் பாவையும் ஊடையையும் விரல்நுனியால் எண்ணி, துணியின் பின்புறத்திலிருந்து ஊசியைச் செலுத்துகிறார்கள். எருமைக் கொம்பு, முயற்காது, மலைத்தொடர் என அவ்வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு. முதன்முறை பார்ப்பவர் தறியிலேயே நெய்தது என்றுதான் நினைப்பார். ஒவ்வொரு முறை ஊசி திரும்பும்போதும் நூலை இறுக்காமல் சிறிது தளர்த்தி, குறுங்கண்ணியாக விடுகிறார்கள். அதனால் ஒருபுறம் வழவழப்பாகவும், மறுபுறம் மயிர்ச்சிலிர்ப்புப் போலச் சொரசொரப்பாகவும் அமைகிறது. கடையில் வாங்குவோர் வழவழப்பை நல்ல பக்கம் என்று எண்ணுவார்கள். தோடருக்கோ சொரசொரப்பான பக்கமே வெளிப்பக்கம்.

கணித ஆசிரியையின் கண் முதலில் எண்ணிக்கையில்தான் நின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி ஒருத்தி, விடுமுறை நாளாகையால் மூத்தவர் அருகில் அமர்ந்து ஒரு முக்கோணம் தைத்துக்கொண்டிருந்தாள். முதல் வரியில் ஓர் இழை, அடுத்ததில் மூன்று, பின்னர் ஐந்து, ஏழு. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் கிடைக்கும். ஒன்றும் மூன்றும் ஐந்தும் ஏழும் சேர்ந்தால் பதினாறு. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் அவர் எழுதிய கணக்கு அங்கே சிவப்பு நூலில் ஏறிக்கொண்டிருந்தது. “எப்படி நினைவு வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார். சிறுமிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. மூத்தவர்தான் விடை சொன்னார்:

“எண்ணும்போது பேசக்கூடாதுன்னு இல்ல டீச்சர். பேச்சு பாட்டுக்குப் போகும், விரல் பாட்டுக்கு எண்ணும். பேச்சு நின்னாத்தான் எண்ணிக்கை தப்பும்.”

இரண்டாம் நாள் அது மெய்யாயிற்று. தேர்வு பற்றி யாரோ கேட்டதும் சிறுமி வாய்மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் ஒரு வரி பிசகிற்று. மூத்தவர் துணியை வாங்கி, ஒன்றும் சொல்லாமல், பிசகிய வரியோடு அதற்கு முந்தைய இரு வரிகளையும் பிரித்துத் திருப்பிக் கொடுத்தார். சரியாக இருந்த வரிகளை ஏன் பிரித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சிறுமி மட்டும் சிணுங்கிக்கொண்டே மீண்டும் தொடங்கினாள்.

தோடர் மொழிக்கு எழுத்து இல்லை. அது தமிழோடு உறவுடைய திராவிட மொழி. ஆயினும் அதன் உரசொலிகளும் ஆடொலிகளும் தமிழ்க் காதுக்குப் பிடிபடுவதில்லை. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இம்மக்களிடையே தங்கி ஆராய்ந்து, 1906இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மொழியியலறிஞர் எமனோ 1930களில் இங்கு வந்து திரட்டிய பாடல்கள் 1971இல் நூலாயின. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஒரு சமூகத்தைப் பற்றி இத்தனை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த எண்ணும் முறையை எந்த நூலைப் பார்த்தும் எந்தப் பெண்ணும் கற்கவில்லை. அடுத்தவரின் முழங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் கற்கிறார்கள்.

மூன்றாம் நாள் மழை. எல்லாரும் வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றி அமர்ந்தார்கள். வெளிச்சம் போதாமையால் தையல் நின்றது. பேச்சு எருமைகளைப் பற்றிச் சென்றது. சோலையும் புல்வெளியுமாக இருந்த மலையில் தைலமரமும் சீகையும் பைனும் தேயிலையும் ஏறியபின் மேய்ச்சல்நிலம் சுருங்கியது, எருமை குறைந்தது. முன்பு பாலும் நெய்யும் கொடுத்துப் படகரிடம் தானியமும் கோத்தரிடம் மண்கலமும் இரும்புக் கருவியும் பெற்ற வாழ்க்கை அது. இப்போது பல வீடுகளில் கைக்குக் காசு கொண்டுவருவனவற்றுள் பூவேலையும் ஒன்று. மேசைவிரிப்பு, கைப்பை, கைப்பேசி உறை என அது வடிவம் மாறியிருப்பது சிலருக்கு வருத்தம் தரலாம். வருந்துவோர் அப்பெண்களின் அரிசிக்கு வேறு வழி சொல்லவேண்டும்.

அன்றுதான் மூத்தவர் பரணிலிருந்து ஒரு பூத்துக்குளியை இறக்கிக் காட்டினார். விரித்தபோது வீட்டின் அகலம் போதவில்லை. பழுப்பேறாத வெண்மை, பட்டைகளுக்கிடையே நெருக்கமான வேலை. யாருக்கு என்று தோழியருள் ஒருவர் கேட்டார். “எனக்குத்தான்” என்றார் அவர். இறந்தவரைப் பூவேலை செய்த பூத்துக்குளியில் போர்த்தி அனுப்புவது தோடர் மரபு. மேற்கே இறந்தோர் உலகம் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் அதைச் சொன்ன குரலில் துயரம் இல்லை. ஊருக்குப் போக எடுத்துவைத்த உடையைக் காட்டுவது போலத்தான் இருந்தது.

ஆசிரியை தம் பையிலிருந்த சுங்குடியை அப்போது எடுத்தார். தாயாருடையது என்றும், இன்னும் பத்து இருக்கின்றன என்றும் சொன்னார். மூத்தவர் முந்தானையை விரலிடையில் வைத்து நீவிப் பார்த்தார்.

“அம்மா போனப்ப இதுல ஒண்ணு கட்டி அனுப்பலியா?”

“இல்லை அக்கா. புதுப்புடவை கட்டினோம். பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்தது.”

“அப்ப சரி. போறவங்களுக்குப் புதுசு குடுத்துட்டீங்க. இது இருக்கறவங்களுக்குத்தானே? வெட்ட எதுக்குப் பயம்?”

அதற்குமேல் அதுபற்றிப் பேச்சில்லை. யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். மழை சிமெண்டுக் கூரைமேல் பெய்துகொண்டிருந்தது. ஆசிரியை புடவையை மடிக்காமல் மடிமேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். பின்பு கத்தரிக்கோல் கேட்டார். முதல் வெட்டு கோணலாகவே விழுந்தது. மூத்தவர் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் சிறிது கீறி, இரு கையாலும் இழுத்தார். பருத்தி, இழையோடு இழையாக, நேர்கோட்டில் கிழிந்தது. அந்த ஓசையில் தோழியர் இருவரும் ஒருகணம் திகைத்தார்கள். ஆசிரியை மட்டும் எப்போதோ மூச்சைப் பிடித்தவர் அப்போது விட்டார்.

அடுத்த இரு நாள்களும் வெயில். மூவரும் துணியை நான்கடுக்காக வைத்து ஓட்டுத் தையல் பழகினார்கள். எருமைக் கொம்பை ஒரு மூலையில் தைத்துக்கொள்ளலாமா என்று தோழி கேட்டார். வேண்டாம் என்று ஆசிரியை தடுத்தார். அதற்கு ஒரு காரணம் உண்டு. தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திரத்தில் தைத்தவற்றையும் அச்சிட்டவற்றையும் தோடர் வேலை என்று விற்பதைத் தடுக்க அது உதவும். மாமல்லபுரக் கற்சிற்பத்துக்கும் 2017இல் அக்குறியீடு வழங்கப்பட்டது. உளியோசை கேட்டு வளர்ந்த கடற்கரைக்காரர்களுக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. பெயரைக் காப்பது சட்டத்தால் முடியும். ஒரு சிறுமி தன் விடுமுறையில் பாட்டியருகே உட்காருவாளா என்பது சட்டத்துக்குள் வருவதன்று. அவள் உட்கார்ந்த நேரத்துக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

அந்தச் சிறுமிக்குச் செவிலியர் படிப்பில் நாட்டம். ஆசிரியை அவளிடம் நேரடியாகவே கேட்டார், வேலை கிடைத்தால் இதை விட்டுவிடுவாயா என்று. அவள் தலைநிமிராமல் சொன்னாள்:

“தெரியல டீச்சர். இதுக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு வாங்கறவங்க கேக்கறதே இல்ல. எவ்வளவு குறைப்பீங்கன்னுதான் கேக்கறாங்க.”

அன்று பகலுணவுக்குப் பின் நான்கு விரல் அகலத் துண்டு ஒன்றை அவள் தொடங்கியிருந்தாள். வெயில் முற்றத்தை விட்டுப் போகும்போது அதில் பாதிகூட நிரம்பவில்லை. முழுப் பூத்துக்குளிக்கு, அதுவும் நெருக்கமான வேலையாயின், மாதக்கணக்கில் ஆகும். ஆசிரியை மணியைக் குறித்துக்கொண்டார். இரவில் தங்குமிடத்தில், நகரத்துக் கடையில் பார்த்த கைப்பையின் விலையையும் தாம் குறித்த நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடையைத் தோழியரிடம் சொல்லவில்லை. மறுநாள் விடைபெறும்போது, மூத்தவரிடம் ஒரு சிறு தோள்சீலை வாங்கினார். சொன்ன விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. பேரம் பேசுவதில் பெயர்பெற்ற தோழியும் அன்று பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார்.

அணுபுரம் திரும்பியபின் பதினொரு புடவைகளும் ஒவ்வொன்றாகக் கிழிபட்டன. மிக நைந்தவை உள்ளடுக்குக்கும், கரை திருத்தமாக இருந்தவை மேலடுக்குக்கும் சென்றன. மருமகளும் மாலையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அமரலானாள். அவள் தையல் சற்று நெளியும், ஆசிரியை பிரிப்பதில்லை. கார்த்திகை முடிவதற்குள் இரண்டு போர்வைகள் முடிந்தன. மூன்றாவது பாதியில் இருக்கிறது. கண்டாங்கியை மட்டும் எந்தப் போர்வையின் நடுவில் வைப்பது என்பதில் வீட்டில் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் அந்தச் சிறுமியிடமிருந்து ஆசிரியையின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. யாருடைய உதவியும் இன்றி அவள் முடித்த முதல் முழுத் துண்டு. “எண்ணிப் பாருங்க டீச்சர்” என்று கீழே எழுதியிருந்தாள். ஆசிரியை கண்ணாடியைத் தேடி எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, வரி வரியாக எண்ணினார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, எங்கும் பிசகில்லை. ஆனால் அவள் படமெடுத்திருந்தது கடைக்காரர் விரும்பும் வழவழப்பான பக்கத்தை. துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு படம் அனுப்பும்படி ஆசிரியை அவளுக்கு எழுதினார்.